பாலினத்தை நீக்கிவிட்டுப் பயிற்றுவித்தேன், இனி மாடலில் பாரபட்சம் இல்லைதானே?

ஜனவரி 11, மாலை 6.20 (கேட்டவர்)

டேட்டா சயின்ஸ் கடைசி ஆண்டு. ப்ராஜெக்ட்டுக்கு 'அடல்ட்' டேட்டாசெட் எடுத்திருக்கிறேன். ஒருவரின் ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டுமா என்று கணிக்க வேண்டும். பாலினம், இனம் ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் தூக்கிவிட்டுத்தான் பயிற்றுவித்தேன். அக்யூரசி 85 சதவீதம். அறிக்கையில் 'ஏஐ அறநெறி' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம். "பாலினமும் இனமும் மாடலுக்குத் தெரியாது, ஆகவே பாரபட்சத்துக்கு இடமில்லை" என்று எழுதினால் போதுமா?

ஜனவரி 11, இரவு 9.45

போதாது, உண்மையும் இல்லை. அதே டேட்டாவில் 'ரிலேஷன்ஷிப்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, பாருங்கள். பயிற்சிக் கோப்பின் 32,561 வரிகளில் 13,193 வரிகளில் அதன் மதிப்பு 'ஹஸ்பண்ட்'. இன்னொரு 1,568 வரிகளில் 'வைஃப்'. பாலினத்தை நீக்கிய பிறகும், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் பாலினம் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. மீதிப் பேருக்கும் தொழில், வார வேலை நேரம், திருமண நிலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெருமளவு ஊகித்துவிடலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம், பத்து நிமிட வேலை. வருமானத்தை ஒதுக்கிவிட்டு, மீதி நெடுவரிசைகளைக் கொண்டு பாலினத்தைக் கணிக்க ஒரு சின்ன மாடல் போடுங்கள். ஏயூசி (இரு வகுப்பையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற அளவு; 1 முழுமை, 0.5 குருட்டு ஊகம்) 0.5-ஐ ஒட்டி வந்தால்தான் "மாடலுக்குத் தெரியாது" என்று எழுத முடியும். இந்த டேட்டாவில் அப்படி வராது.

இன்னொரு சேதாரமும் உண்டு. நெடுவரிசையை அழித்துவிட்டால் பாரபட்சத்தை அளக்கவும் வழியில்லை. பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள், ஆனால் வரி எண்ணோடு தனிக் கோப்பில் வைத்திருங்கள். தணிக்கைக்கு அதுதான் வேண்டும்.

ஜனவரி 11, இரவு 10.05

85 சதவீதத்தைப் பற்றி: பயிற்சிக் கோப்பில் 50,000-ஐத் தாண்டியவர்கள் 7,841 பேர், அதாவது 24.1 சதவீதம். யாரையும் பார்க்காமல் எல்லாருக்கும் 'தாண்டாது' என்று சொல்லும் ஒரே வரி நிரலுக்கே 75.9 கிடைக்கும். உங்கள் மாடல் அதற்கு மேல் சம்பாதித்தது 9 புள்ளிகள். அட்டவணையின் முதல் வரியில் 75.9-ஐ எழுதிவிட்டு அதன் கீழே 85-ஐ எழுதுங்கள்.

ஜனவரி 12, காலை 7.30 (கேட்டவர்)

நன்றி. சோதனைக் கோப்பைச் சேர்த்ததும் வேறு சிக்கல். வகுப்பு இரண்டுதானே, எனக்கு நான்கு காட்டுகிறது. அப்புறம் கேள்விக்குறியைக் காலி மதிப்பாக மாற்றும் வரி எதையுமே மாற்றவில்லை.

ஜனவரி 12, காலை 8.10

இரண்டும் இந்த டேட்டாசெட்டின் பழைய நோய்கள். சோதனைக் கோப்பில் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஒரு முற்றுப்புள்ளி இருக்கும், பயிற்சிக் கோப்பில் இருக்காது. அதனால் இரண்டு வகுப்பு நான்காகிறது. புள்ளியை வெட்டுங்கள். சோதனைக் கோப்பின் முதல் வரி டேட்டாவே இல்லை, அதையும் தவிருங்கள்.

கேள்விக்குறி மாறாததற்குக் காரணம் ஓர் இடைவெளி. கோப்பில் காற்புள்ளிக்குப் பின் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். பாண்டாஸ் (பைத்தானின் டேட்டா நூலகம்) படிக்கும்போது மதிப்பு 'இடைவெளி + கேள்விக்குறி' என்று வருகிறது, நீங்கள் வெறும் கேள்விக்குறியைத் தேடுகிறீர்கள். படிக்கும்போதே முன் இடைவெளியைத் தவிர்க்கும் விருப்பத்தைப் போட்டால் தீரும். கேள்விக்குறி உள்ள வரிகளை நீக்கினால் பயிற்சியில் 30,162, சோதனையில் 15,060 மிஞ்சும். இந்த எண்கள் வந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

கூடவே மூன்று. 'எஃப்என்எல்டபிள்யூஜிடி' (fnlwgt) என்ற நெடுவரிசை ஒருவரின் பண்பு அல்ல. அந்த வரி மக்கள்தொகையில் எத்தனை பேரைப் பிரதிநிதிக்கிறது என்ற எடை அது, மாடல் கற்கும் அம்சமாகக் கொடுக்காதீர்கள். கல்வி இரண்டு முறை வருகிறது, சொல்லாக ஒன்று, எண்ணாக ஒன்று. ஒன்றை வையுங்கள். மூலதன ஆதாயத்தில் 99,999 என்று வருவது உச்சவரம்பில் வெட்டிய மதிப்பு, உண்மைத் தொகை அல்ல.

ஜனவரி 12, மதியம் 1.15

ஒன்றை விட்டுவிட்டேன். பிறந்த நாடு நெடுவரிசையில் 'ஹாலண்ட்-நெதர்லாந்து' என்பதற்கு ஒரே ஒரு வரிதான், அது பயிற்சிக் கோப்பில் இருக்கிறது. இரண்டு கோப்பையும் தனித்தனியாக ஒன்-ஹாட் செய்தால் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு 0/1 நெடுவரிசை ஆக்கினால்) ஒரு நெடுவரிசை குறைந்து, கணிக்கும்போது பிழை வரும். என்கோடரைப் பயிற்சியில் மட்டும் பொருத்தி, தெரியாத மதிப்பைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள். சோதனைக் கோப்பையும் சேர்த்து என்கோட் செய்து தப்பிக்க வேண்டாம். அந்தப் பழக்கம் பின்னால் கசிவில், அதாவது மாடல் பார்க்கக் கூடாத தகவல் பயிற்சிக்குள் நுழைவதில், கொண்டுபோய் விடும்.

ஜனவரி 13, இரவு 8.50

இப்போது உங்கள் அத்தியாயத்துக்கு வருவோம். மாடலை ஒதுக்கிவிட்டு விடைகளை மட்டும் பாருங்கள். 50,000-ஐத் தாண்டியவர்கள் ஆண்கள் 21,790 பேரில் 6,662 பேர், அதாவது 30.6 சதவீதம். பெண்கள் 10,771 பேரில் 1,179 பேர், அதாவது 10.9 சதவீதம். இரண்டின் விகிதம் 0.36. அமெரிக்க வேலைவாய்ப்பு நெறிமுறைகளில் 1978-இல் வந்த ஐந்தில் நான்கு பங்கு விதியைக் (ஒரு குழுவின் தேர்வு வீதம், அதிகம் தேர்வாகும் குழுவினதில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது) கட்டை விரல் கணக்காக வைத்தால் 0.8 வேண்டும். பயிற்றுவிக்கும் முன்பே இவ்வளவு இடைவெளி. நன்றாகக் கற்கும் மாடல் இதையும் நன்றாகவே கற்கும்.

இன்னும் உள்ளே போனால், 50,000 என்ற கோடு யார் போட்டது என்ற கேள்வி வரும். டேட்டா அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 1994 மாதிரி ஆய்விலிருந்து எடுத்தது. அந்தக் கோடு மொத்த மக்களில் 76-ஆவது சதமானத்தில் விழுகிறது. பெண்களுக்கு மட்டும் பார்த்தால் 89, கறுப்பின மக்களுக்கு 88. கோட்டை நகர்த்தினாலே நியாய அளவீடுகள் மாறும். 2021-இல் டிங், ஹார்ட், மில்லர், ஷ்மிட் ஆகியோர் இதைக் காட்டி, அடல்ட்டுக்கு ஓய்வு கொடுங்கள் என்றே கேட்டார்கள். மாற்றாக 'ஃபோக்டேபிள்ஸ்' என்ற நிரல் நூலகமும் கொடுத்தார்கள், அதில் கோட்டை நீங்களே வைக்கலாம். 30,000, 50,000, 70,000 என்று மூன்று கோட்டில் ஒரே மாடலை ஓட்டி மூன்று விகிதங்களையும் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். உங்கள் அறநெறி அத்தியாயத்தின் முதல் படம் அதுதான்.

ஜனவரி 14, காலை 11.00 (வேறொரு வாசகர்)

இவ்வளவு எதற்கு? இரண்டு குழுவுக்கும் தவறான எச்சரிக்கை வீதம் (உண்மையில் 'இல்லை' ஆனவர்களில் மாடல் 'ஆம்' என்று சொன்ன பங்கு) சமமாக வரும்படி வாசலை, அதாவது 'ஆம்' என்று சொல்லும் மதிப்பெண் எல்லையை, மாற்றினால் முடிந்தது. ஃபேர்லேர்ன் நிரல் நூலகத்தில் ஒரே வரி.

ஜனவரி 14, மாலை 7.25

ஒரே வரிதான், ஆனால் அந்த வரி இன்னொன்றை உடைக்கும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

குழு ஒன்றில் 1,000 பேர், உண்மையில் 'ஆம்' 500 பேர். குழு இரண்டிலும் 1,000 பேர், 'ஆம்' 400 பேர். இரு குழுவிலும் மாடல் 'ஆம்'களில் 70 சதவீதத்தைப் பிடிக்கிறது. இரு குழுவிலும் மாடல் 'ஆம்' என்று சொன்னால் 70 சதவீதம் சரி. கேட்பதற்கு முழுச் சமத்துவம். இப்போது எண்ணுங்கள். முதல் குழுவில் பிடிபட்ட உண்மை 'ஆம்' 350, மாடல் சொன்ன மொத்த 'ஆம்' 500, அதில் தவறு 150. 'இல்லை' ஆட்கள் 500 பேரில் 150, அதாவது 30 சதவீதம். இரண்டாம் குழுவில் 280, 400, தவறு 120. 'இல்லை' ஆட்கள் 600 பேரில் 120, அதாவது 20 சதவீதம். யாரும் எந்தப் பாரபட்சமும் செய்யவில்லை, அடிப்படை விகிதம் வேறாக இருந்ததே போதும். தவறான எச்சரிக்கையைச் சமப்படுத்தினால், 70-இல் ஏதாவது ஒன்று இரு குழுவுக்கும் வேறாகிவிடும்.

2016-இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்கும் காம்பஸ் மென்பொருளின் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது நடந்த சண்டை இதுதான். ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில், மீண்டும் குற்றம் செய்யாதவர்களில் அதிக ஆபத்து என்று குறிக்கப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம். மென்பொருள் நிறுவனத்தின் பதில், 'எங்கள் மதிப்பெண்ணுக்கு இரு குழுவிலும் ஒரே பொருள்தான்' என்பது. இரு தரப்பும் வேறு வேறு சமத்துவத்தைப் பேசினார்கள். அடிப்படை விகிதம் வேறாக இருக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்று ஆய்வாளர் சோல்டெச்சோவாவும், தனியாக க்ளைன்பெர்க் குழுவும் கணிதமாகவே காட்டினார்கள்.

அந்த காம்பஸ் டேட்டாவை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டாண்டுக் கோப்பில் 7,214 வரிகள். கைதுக்கும் மதிப்பிடலுக்கும் இடையே 30 நாளுக்கு மேல் இருப்பவை முதலியவற்றை வடிகட்டினால் 6,172. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு எண்ணும் உலவுகின்றன. எதை எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் முடிவை யாரும் மறுபடி எடுக்க முடியாது.

ஜனவரி 14, இரவு 11.10

மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, எதையும் சமப்படுத்த முயலாதே என்று சொன்னது போல் இருக்கிறது. அப்படி இல்லை. எந்தத் தவறு யாரை அடிக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாமீன் போன்ற தண்டிக்கும் முடிவில் தவறான 'ஆம்' ஓர் ஆளை உள்ளே வைக்கும், ஆகவே அங்கே தவறான எச்சரிக்கை முக்கியம். உதவித்தொகை, சிகிச்சை போன்ற உதவும் முடிவில் தவறான 'இல்லை'தான் கொடுமை. அங்கே விடுபட்டவர்களின் வீதத்தைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் விடை நெடுவரிசை எதை அளக்கிறது என்று கேளுங்கள். ஓபர்மேயர் குழு 2019-இல் ஆராய்ந்த மருத்துவ மாடல், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல வேண்டியது. அது கணித்ததோ சிகிச்சைச் செலவை. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகச் செலவிடப்பட்டிருந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் அவர்கள் பங்கு 17.7-இலிருந்து 46.5 சதவீதமாகும் என்று கணக்கிட்டார்கள். தவறான விடையை வைத்துக்கொண்டு எந்த வாசலை நகர்த்தியும் இதைப் பிடித்திருக்க முடியாது.

ஜனவரி 16, காலை 6.40

திருத்தம். 12-ஆம் தேதி, கேள்விக்குறி வரிகளை நீக்கினால் 30,162 மிஞ்சும் என்று எழுதினேன். எண் சரி, அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை வகை தெரியாத 1,836 வரிகளில் 50,000-ஐத் தாண்டியவர்கள் 191 பேர், ஏறத்தாழ 10 சதவீதம். மொத்தத்தில் அது 24. விடுபட்டவை தற்செயலாக விடுபடவில்லை. அந்த வரிகளை எறிந்தால் குறைந்த வருமானக்காரர்களைக் கூடுதலாக எறிகிறீர்கள்.

தொழில் தெரியாதவை 1,843. வித்தியாசம் 7. அந்த ஏழு பேரின் வேலை வகை 'ஒருபோதும் வேலை செய்யாதவர்'. அவர்களுக்குத் தொழில் காலியாக இருப்பது குறைபாடே அல்ல, சரியான தகவல். காலியை 'தெரியாது' என்று தனி மதிப்பாக வைத்துப் பயிற்றுவித்து, நீக்கிய மாடலோடு ஒப்பிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

ஜனவரி 17, இரவு 9.30

கசிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எளிய சோதனை: பயிற்சி விடைகளைக் குலுக்கிப் போட்டுவிட்டு முழுக் குழாய்த்தொடரையும் (சுத்தம் செய்வது முதல் கணிப்பு வரை எல்லாப் படிகளையும்) முதலிலிருந்து ஓட்டுங்கள். அக்யூரசி 50-க்கு விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ கசிகிறது.

ஜனவரி 17, இரவு 9.50

50 என்றது தவறு. வகுப்புகள் சமமாக இருந்தால்தான் 50. இங்கே 75.9-ஐ ஒட்டி நிற்கும், ஏயூசிதான் 0.5-க்கு விழும். ஏயூசியைப் பாருங்கள்.

ஜனவரி 18, காலை 10.20

இன்னொரு திருத்தமும் வேண்டும். குலுக்கல் சோதனை எல்லாக் கசிவையும் பிடிக்காது. பிரிப்பதற்கு முன் மொத்த டேட்டாவிலும் அம்சங்களைத் தேர்ந்தெடுத்ததைப் பிடிக்கும். 50 வரி, 5,000 சீரற்ற நெடுவரிசை எடுத்து, விடையோடு அதிகம் ஒத்துப்போகும் 100-ஐத் தேர்ந்து, பிறகு குறுக்குச் சரிபார்ப்பு (டேட்டாவைப் பகுதிகளாக்கி ஒவ்வொன்றையும் முறைவைத்துச் சோதனைக்கு ஒதுக்குவது) செய்தால் பிழை 3 சதவீதம் வரை இறங்கிக் காட்டும். உண்மைப் பிழை 50. இது குலுக்கியதும் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் விடை தெரிந்த பிறகே நிரப்பப்படும் நெடுவரிசை இருந்தால், உதாரணமாக நோயைக் கணிக்கும் டேட்டாவில் அந்த நோய்க்கான மருந்தின் பெயர் இருந்தால், குலுக்கியதும் அந்தத் தொடர்பும் அறுந்துபோகும். சோதனை 'சுத்தம்' என்று சொல்லும். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 'முடிவெடுக்கும் நேரத்தில் இது கையில் இருக்குமா' என்று கேட்டு எழுதி வைப்பது. ஒரே நோயாளியின் பல வரிகள் பயிற்சியிலும் சோதனையிலும் பிரிந்து கிடப்பதையும் குலுக்கல் காட்டாமல் விடலாம். அங்கே ஆள் எண்ணை வைத்துக் குழுவாகப் பிரிக்க வேண்டும். சிறிய வகுப்புக்குச் செயற்கை வரிகளை உருவாக்கும் ஸ்மோட் போன்றவற்றை, டேட்டாவைப் பிரித்த பின் பயிற்சிப் பகுதியில் மட்டும் செய்யுங்கள்.

ஜனவரி 20, மாலை 5.15 (கேட்டவர்)

குழு வாரியாக அட்டவணை போட்டேன். ஒரு குழுவில் பிழை 20 சதவீதம், இன்னொன்றில் 11. இதைப் பாரபட்சம் என்று எழுதலாமா? சின்னக் குழுவில் 30 வரிகள்தான்.

ஜனவரி 20, இரவு 8.00

30 வரிக்கு 20 சதவீதம் என்றால் நிச்சயமின்மை இரு பக்கமும் ஏறத்தாழ 14 புள்ளி. உண்மை 6 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். அட்டவணையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கையும் இந்த நிச்சயமின்மை வரம்பும் வரட்டும். 'பாரபட்சம் உண்டு' என்று எழுத முடியாது, 'இல்லை' என்றும் எழுத முடியாது. 'இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு டேட்டா இல்லை' என்பதே கண்டுபிடிப்பு, அதையே எழுதுங்கள். அந்தக் குழுவை 'மற்றவை' என்ற கூடையில் போட்டு மறைத்துவிடாதீர்கள்.

பாலினம் ஒரு அட்டவணை, இனம் ஒரு அட்டவணை என்று நிறுத்தினாலும் போதாது. புவோலம்வினியும் கெப்ருவும் 2018-இல் 1,270 முகப் படங்களை வைத்து வணிகச் சேவைகளைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களுக்குப் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 வரை போனது. நிறத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பிரித்ததால்தான் அந்த இடைவெளி முழுதாகத் தெரிந்தது.

ஜனவரி 23, இரவு 10.30

அடுத்த செமஸ்டரில் சொந்தமாகக் கருத்துகளைச் சேகரித்து வெறுப்புப் பேச்சைக் குறியிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். நேரக் கணக்கு முதலில். ஒரு கருத்துக்கு 20 விநாடி என்றாலும் 1,000 கருத்துக்கு ஐந்தரை மணி நேரம், ஒருவருக்கு. இரண்டு பேர் வேண்டும், பிறகு கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்க்க அதே அளவு நேரம். ஒரே மூச்சில் செய்தால் கடைசி இருநூறில் கை தானாக 'இல்லை'யை அழுத்தும். இப்படிப்பட்ட வாசகங்களை மணிக்கணக்கில் படிப்பது மனதையும் வாட்டும். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள்.

'இருவரும் 90 சதவீதம் ஒத்துப்போனார்கள்' என்று பெருமையாக எழுத வேண்டாம். இருவருமே பத்தில் ஒன்றைத்தான் வெறுப்பு என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக் குறித்தாலும் 0.81 (இருவரும் 'இல்லை', 0.9 × 0.9) + 0.01 (இருவரும் 'ஆம்', 0.1 × 0.1) = 0.82 ஒத்துப்போகும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் அளவான காப்பா = (0.90 − 0.82) ÷ 0.18 = 0.44. நடுத்தரம்தான். முதல் 100-ஐ மட்டும் இருவரும் குறித்து, காப்பா பார்த்து, விதிமுறைத் தாளைத் திருத்தி, பிறகு மீதியைத் தொடங்குங்கள். இருவரின் மூலக் குறிகளையும் தனித்தனியாக வைத்திருங்கள். பெரும்பான்மையாகச் சுருக்கிவிட்டால் யார் எதைப் புண்படுத்தலாகப் பார்த்தார் என்பது போய்விடும்.

ஜனவரி 24, காலை 7.00

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்ற நம்பிக்கையும் பாலின நெடுவரிசை கதைதான். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று ஆய்வாளர் ஸ்வீனி 1990 கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். நெட்ஃப்ளிக்ஸ் 2006-இல் பெயர் நீக்கி வெளியிட்ட 10 கோடி மதிப்பீடுகளில், எட்டுப் படங்களின் மதிப்பீடும் இரு வார முன்பின்னோடு தேதியும் தெரிந்தால் (இரண்டு முழுத் தவறாக இருந்தாலும்) 99 சதவீதப் பதிவுகள் தனித்து நிற்கும் என்று நாராயணனும் ஷ்மாட்டிகோவும் 2008-இல் எழுதினார்கள்.

தொலைபேசி எண்ணை ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைப்பதும் காப்பு அல்ல. 10 இலக்க எண் என்றால் மொத்தமே 1,000 கோடி வாய்ப்புகள். ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் அட்டை எல்லாவற்றையும் ஹாஷ் செய்து சில நிமிடங்களில் பொருத்திவிடும். ரகசியச் சாவி சேர்த்த ஹாஷான எச்மேக் போடுங்கள், சாவியை டேட்டாவோடு ஒரே கோப்புறையில் வைக்காதீர்கள், சேகரிப்பு முடிந்ததும் சாவியை அழியுங்கள். எண்ணே தேவையில்லை என்றால் வாங்காமலே இருப்பது இதையெல்லாம்விட நல்லது.

ஜனவரி 24, மதியம் 12.40

87 பற்றி: 2006-இல் கோல் என்ற ஆய்வாளர் 2000 கணக்கெடுப்பை வைத்து மறுபடி கணக்கிட்டபோது 63 சதவீதம் வந்தது. இரண்டையும் எழுதுங்கள். 63-உம் பாதிக்கு மேல்தான்.

ஜனவரி 27, இரவு 9.15

மொழி மாடலிடமே குறியிடச் சொல்லலாமா என்ற கேள்விக்கு: முதலில் சம்மதப் படிவத்தைப் பாருங்கள். 'வெளிச் சேவைக்கு அனுப்புவோம்' என்று அதில் இல்லையென்றால், மக்கள் தந்த வாசகத்தை அங்கே ஒட்டக் கூடாது. சம்மதம் இருந்தால், குறைந்தது 200 உருப்படிகளை மனிதர்களும் குறித்து ஒப்பிடுங்கள். மாடலின் முழுப் பதிப்புப் பெயர், ஓட்டிய தேதி, முழுத் தூண்டுதல் வாசகம் மூன்றையும் சேமியுங்கள். டெம்பரேச்சரை (விடையின் சீரற்ற தன்மையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) 0 ஆக்கினாலும் விடை எப்போதும் ஒன்றே வரும் என்று உறுதியில்லை, எனவே ஒவ்வொரு விடையையும் கோப்பில் எழுதிவிடுங்கள். அடல்ட் போன்ற பழைய பொது டேட்டாசெட்டுகளின் வரிகளை இந்த மாடல்கள் மனப்பாடமாக வைத்திருப்பதும் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அவற்றில் மொழி மாடல் நன்றாகச் செய்ததை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

பிப்ரவரி 2, மாலை 6.50 (கேட்டவர்)

அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன். பாலினத்தைக் கணிக்கும் மாடல், மூன்று கோடு வரைபடம், குழு அட்டவணை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கடைசி அத்தியாயமாகவே வைக்கட்டுமா?

பிப்ரவரி 2, இரவு 8.20

பிரித்துப் போடுங்கள். 50,000 கோடும் விடுபட்ட 1,836 வரிகளும் டேட்டா அத்தியாயத்துக்குப் போகட்டும். எந்தத் தவறைச் சமப்படுத்தினீர்கள், ஏன் என்பது மாடல் அத்தியாயத்துக்கு. குழு அட்டவணை, 75.9-உம் 85-உம் இருக்கும் அதே பக்கத்துக்கு, எண்ணிக்கை நெடுவரிசையோடு. அறநெறி அத்தியாயம் கட்டாயம் என்றால் அதில் இரண்டு பக்கம் போதும்: இந்த மாடலை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, யாரைப் பற்றி இதற்குப் போதிய டேட்டா இல்லை.

குலுக்கல் விதையை (சீரற்ற தேர்வுகளைத் தொடங்கும் எண்ணை) ஐந்து முறை மாற்றி ஓட்டி, சராசரியையும் விலக்கத்தையும் எழுதினீர்களா? உங்கள் பதிலில் அது இல்லை. வைவாவில் முதலில் வருவது அந்தக் கேள்வியாகத்தான் இருக்கும்.